ஒரு ரிங் வந்தால் நலம்

எங்கள் வீட்டில் போன் ஒரு ரிங் அடித்து நின்றுவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அதற்கு மேல் அடித்தால்தான் பயம். அப்பா போர்வெல் லாரியில் இருந்தவர். மல்லசமுத்திரம், திருச்செங்கோட்டுப் பக்கம் இதில் அதிசயம் ஒன்றுமில்லை, வீட்டுக்கு ஒருவராவது வண்டியோடு வடக்கே போயிருப்பார். ஒடிசாவோ மத்தியப் பிரதேசமோ போய்ச் சேர்ந்ததும் அப்பா ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார். வந்து சேர்ந்தேன், உடம்புக்கு ஒன்றுமில்லை, எடுக்க வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். ஏதாவது கெட்டது என்றால் எடுக்கிறவரை அடிக்க வேண்டும். அப்பா காலமான பிறகு அண்ணன் அதே வண்டியில் ஏறினார், ஒரு ரிங் பழக்கமும் கூடவே ஏறியது.

நான் சேலத்துக்கு வேலைக்குப் போனதும் அம்மாவும் அப்படியே செய்ய ஆரம்பித்தார். அண்ணி திருச்செங்கோட்டில் இருந்ததால், தோட்டத்து வீட்டில் அம்மா மட்டும் தனியாக இருந்தார். இரண்டு எருமை, ஒரு மாடு. காலையில் பால் வேலை முடித்து, மாத்திரை போட்டுக்கொண்டு, பத்து மணி வாக்கில் அண்ணனுக்கு ஒரு ரிங், எனக்கு ஒரு ரிங். எவ்வளவு நேரம் பேசினாலும் ஒரே கட்டணம்தான் அம்மா, தாராளமாகப் பேசுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "நீ வேலையில இருப்ப. எடுக்காத சாமி, பேரப் பாத்தாப் போதும்" என்பார். எனக்கும் அது வசதியாகவே இருந்தது. பேசினால் மாப்பிள்ளைப் பேச்சு வரும், நான் எரிந்து விழுவேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில்தான் இருக்கும். பேரைப் பார்த்தால் போதும் என்பது எங்கள் இருவருக்குமே ஒத்துப்போன ஏற்பாடு.

என் வேலை அம்மாவுக்குச் சரியாகப் புரிந்ததில்லை. டவரில் வேலை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நான் டவரில் ஏறுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்து அத்தை ஒரு தடவை என்னைப் பார்த்து, பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் கண்ணு இந்த வேல என்று துக்கமே விசாரித்தார். ஊரில் சிக்னல் சரியில்லாதபோதெல்லாம் அம்மாவுக்குத்தான் கேலி. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். அம்மா அதை அப்படியே என்னிடம் வந்து இறக்குவார்.

டவர் என்றால் ஊரில் உயரமான இரும்பு. என் வேலை அந்த இரும்பில் இல்லை. ஏசி அறையில் உட்கார்ந்து, நாமக்கல் மாவட்டத்து டவர்களில் எதற்கு எவ்வளவு இடம், எது முந்தி, எது பிந்தி என்று எண்களை வைக்கிற வேலை. போனில் நாம் சொல்கிற ஒரு சொல் அடுக்கடுக்காக இறங்கித்தான் காற்றுக்கு வருகிறது. மேல் அடுக்கில், இன்னார் இன்னாரைக் கூப்பிடுகிறார் என்ற சேதி. அதற்குக் கீழே பேச்சைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்குகிறார்கள், ஒரு நொடிக்கு ஐம்பது துண்டு. ஒவ்வொன்றின் நெற்றியிலும் நீ பேச்சு, நீ படம், நீ வீடியோ என்று ஒரு குறி. அடி அடுக்கு அந்தக் குறியைப் பார்த்து, நொடியை ஆயிரமாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் யாரை ஏற்றுவது யாரை நிறுத்துவது என்று முடிவு செய்கிறது. படம் காத்திருக்கலாம். வழியில் தொலைந்தால் இன்னொரு முறை அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். பேச்சுக்கு அது கிடையாது. கொஞ்சம் பிந்தினாலும் அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிடுவோம், தேடவும் மாட்டோம், திரும்பக் கேட்கவும் மாட்டோம். பிந்தி வந்த சொல்லால் யாருக்கும் பயனில்லை என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள்.

பேச்சு இப்படி அவசரக்காரனாக இருப்பதால் அதற்குத் தனிப் பாதை ஒதுக்க வேண்டும். அண்ணனுக்கு ஒரு முறை இதைப் பந்தியை வைத்துச் சொல்லியிருக்கிறேன். இலை போட்டு உட்கார வைத்துவிட்டால் சோறு வந்தே தீர வேண்டும். சோறு பற்றாது என்று தெரிந்தால் இலை போடாமலே வாசலில் நிறுத்திவிடுவதுதான் மரியாதை. உட்கார்ந்தவன் பாதி வயிற்றோடு எழுந்தால் ஊரே பேசும், வாசலோடு திரும்பிப் போனவனை யாருக்கும் தெரியாது. டவரும் அப்படித்தான். எத்தனை பேச்சுக்கு இலை போடலாம் என்று ஓர் எண் உண்டு. அதற்கு மேல் வருகிற அழைப்பை அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அந்த எண்ணை வைப்பது நான்.

முந்தைய வருஷத்து மாரியம்மன் நோம்பியில் அந்த எண் தாராளமாக இருந்தது. நோம்பி என்றால் வடக்கே போன ஆட்களில் பாதிப் பேர் ஊருக்கு வந்துவிடுவார்கள், வராத பாதிப் பேருக்கு வீடியோவில் சாமியைக் காட்டுவார்கள். எங்கள் ஊரின் ஒற்றை டவர் திணறிப்போனது. எல்லோருக்கும் இலை, யாருக்கும் சோறில்லை. அண்ணன் ஒடிசாவிலிருந்து கூப்பிட்டு, அம்மா பொங்கல் வைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை அறுந்தது. அம்மாவுக்கு மகா வருத்தம். பேச்சு துண்டு துண்டாக வருகிறது, நீ அங்கே உட்கார்ந்து என்னதான் பண்ணுகிறாய் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த நோம்பிக்குப் பாருங்கள் என்றேன்.

அடுத்த நோம்பிக்கு நான்கு நாள் முன்பு, எங்கள் ஊர் டவரில் பேச்சுக்கான எண்ணை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தேன். உள்ளே வந்த அழைப்பு அறுபடவே கூடாது என்பதுதான் என் குறி. எங்கள் மேலாளரும் தினம் காலையில் கேட்பது அறுந்த அழைப்புகள் எத்தனை என்பதைத்தான். திருப்பி அனுப்பப்பட்ட அழைப்புகளுக்கு வேறொரு ரிப்போர்ட் இருந்தது. அதை யாரும் கேட்பதில்லை, கேட்காததை நானும் திறப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூப்பிடுகிற சேதிக்குத் தனி வழி, அதற்குத்தான் முதல் வரிசை. பேச்சு அதற்கு அடுத்துத்தான். இரண்டு பக்கமும் பேச்சுப் பாதை தயாரான பிறகுதான் எதிராளியின் போன் அடிக்க வேண்டும் என்பது முறை. ஆனால் ரிங் போக நேரமாகிறது என்று புகார்கள் வந்ததால், எங்கள் வட்டாரத்தில் அந்தக் காத்திருப்பை எப்போதோ எடுத்துவிட்டிருந்தோம். முதலில் அடிக்கட்டும், பாதை பின்னாலேயே வரட்டும் என்று. பாதை கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? எதிரில் ஒரு ரிங் அடிக்கும். உடனே அறுந்துவிடும்.

வேறு எந்த வீட்டிலாவது ஒரு ரிங்கில் அறுந்தால் என்ன இது என்று திருப்பிக் கூப்பிட்டிருப்பார்கள்.

நோம்பி அன்று எனக்கு அலுவலகத்தில் இருந்தாக வேண்டிய வேலை. எங்கள் ஊர் டவரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நீ வேலையைப் பார், மாவிளக்கு எடுத்துவிட்டு ஒரு ரிங் விடுகிறேன் என்று அம்மா முந்தின நாளே சொல்லியிருந்தார். பத்து மணிக்கு வழக்கமான ரிங் வந்தது. பன்னிரண்டு மணி தாண்டி இன்னொன்று. மாவிளக்கு ஆகிவிட்டது என்று நினைத்தேன். திரையில் அறுந்த அழைப்புகள் சுழி. ஊரே கோயிலில் கூடியிருக்கிற நேரத்தில் ஒன்றுகூட அறுபடவில்லை. மனதுக்குள் நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். கால் மணி கழித்து மறுபடி ஒரு ரிங். அப்புறம் இன்னொன்று. பக்கத்து இருக்கைப் பெண் என் போனைப் பார்த்துவிட்டு யார் என்றாள். எங்கம்மாதான், இன்னைக்கு ரொம்ப நல்லா இருக்காங்க என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அம்மா மாவிளக்குத் தட்டோடு கோயிலிலிருந்து முன்னதாகவே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். நெஞ்சை என்னவோ பண்ணுகிறது என்று அத்தையிடம் சொல்லிவிட்டு வந்தாராம். வெயில்தான், கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று அத்தை சொல்லியிருக்கிறார். சாயங்காலப் பால் கறக்க தினமும் வருகிற ஊர்க்கார அக்கா நாலு மணிக்கு வந்து, நிலைப்படிக்கு உள்ளே கிடந்தவரைப் பார்த்திருக்கிறார். போன் கையிலேயே இருந்தது. கிடைத்த காரில் போட்டுத் திருச்செங்கோட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் சேலத்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது துணி போர்த்தியிருந்தார்கள். ரெண்டு மணி நேரம் முந்தி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார் போல.

அண்ணன் மறுநாள் காலையில் வந்து சேர்ந்தார். அம்மாவை எடுத்த பிறகு, பந்தலில் ஆட்கள் குறைந்த நேரத்தில், அம்மாவின் போனை வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தார். பன்னிரண்டுக்கு மேல் எனக்கு மூன்று அழைப்பு, அவருக்கு இரண்டு, அத்தைக்கு ஒன்று. எல்லாமே பேசாத அழைப்புகள். அத்தை, மேளச் சத்தத்தில் போன் இடுப்பில் இருந்ததே தெரியவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் போனை என்னிடம் நீட்டினார்.

"சாகறப்பக்கூட அம்மா ஒரே ரிங்குல வெச்சுட்டாங்க அம்மிணி. நான் தண்ணி வந்துருச்சுன்னு குழியப் பாத்துட்டு நின்னேன். ரெண்டு தடவ வந்துச்சு. நல்லாருக்காங்கன்னு பாக்கெட்டுல போட்டுட்டேன்."

எனக்கும் அப்படித்தான் என்றேன். அந்த நிமிஷம் அது உண்மை.

மூன்றாம் நாள் காரியம் முடிந்த மத்தியானம், என்ன கிறுக்கோ, அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்தேன். யாரும் கேட்காத அந்த ரிப்போர்ட்டை எடுத்தேன். நோம்பி அன்று பதினொன்றரையிலிருந்து இரண்டு மணிவரை எங்கள் ஊர் டவர் வாசலோடு திருப்பி அனுப்பிய அழைப்புகள் வரிசை வரிசையாக இருந்தன. என் நம்பரை வைத்துத் தேடினேன். மூன்றும் இருந்தன. அண்ணனுடையது இரண்டும் இருந்தன. அத்தையுடையதும். சேதி போயிருக்கிறது, மணி அடித்திருக்கிறது, பேச்சுப் பாதை கேட்டபோது இடமில்லை என்று மறுக்கப்பட்டிருக்கிறது. ஆறுக்கும் அதே காரணம், அதே குறி. நான் வைத்த எண்.

அம்மா வைக்கவில்லை. எடுக்கிறவரை அடிக்கட்டும் என்றுதான் காதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் காதில் ஒவ்வொரு தடவையும் டுக் டுக் என்று அறுந்த சத்தம் கேட்டிருக்கும். திரும்பப் போட்டிருக்கிறார். நூற்றெட்டுக்குப் போட்டிருந்தால் போயிருக்கும். அந்த அழைப்புக்கு எல்லோருக்கும் மேலே இடம், பந்தி நிறைந்திருந்தாலும் ஒருவரை எழுப்பிவிட்டு உட்கார வைப்போம். அதையும் நானே சரிபார்த்து வைத்திருந்தேன். அம்மாவுக்கு அது தோன்றவே இல்லை. பிள்ளைகள் இருக்கும்போது ஆம்புலன்ஸை யார் நினைப்பார்கள்?

அங்கேயே உட்கார்ந்து எண்ணைப் பழையபடி மாற்றினேன். ரிங்குக்கு முந்தைய காத்திருப்பையும் எங்கள் ஊர் டவருக்கு மட்டும் திரும்ப வைத்தேன். மூடி வைத்துவிட்டு வெளியே வந்து, வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

வேலைக்குப் பயந்து சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். அண்ணனின் முகத்துக்குப் பயந்தேன்.

அண்ணன் வண்டிக்குத் திரும்பிப் போகவில்லை. பதினைந்து நாள் ஆகட்டும் என்றார், அப்புறம் மாசம் ஆகட்டும் என்றார். அவர் பொறுப்பில் இருந்த வண்டி ஒடிசாவில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நின்றது, ஆட்கள் ஒவ்வொருவராக வேறு வண்டி பார்த்துப் போய்விட்டார்கள். அண்ணன் அம்மாவின் வீட்டிலேயே இருந்து மாட்டைப் பார்த்துக்கொண்டார். அவருடைய போனில் ஓர் அழைப்புகூடத் தவறக் கூடாது. குளிக்கும்போதும் பக்கெட் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அதன்மேல் போனை வைத்திருப்பார். தவறிப்போனால் உடனே திருப்பிக் கூப்பிடுவார், யாராக இருந்தாலும். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று விளம்பரத்துக்குக் கூப்பிடுகிற நம்பர்களுக்கெல்லாம் கூப்பிட்டு, ஏனுங், கூப்புட்டீங்களா, ஏதாச்சும் அவசரமுங்களா என்று கேட்பார். எதிரில் இயந்திரக் குரல் பேசிக்கொண்டிருக்கும். அது பேசி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருப்பார். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதே கதையைச் சொன்னார். ஒரு ரிங்குக்கு மேல் விடக் கூடாது என்று அம்மாவைப் பழக்கினது நாங்கள்தான், அந்தப் பழக்கத்தில்தான் போனார்கள், நான் ஒரு தடவை திருப்பிக் கூப்பிட்டிருந்தால் என் தாய் இருந்திருப்பாள். அத்தையிடம் சொன்னார், பால் கறக்கிற அக்காவிடம் சொன்னார், தீவனம் இறக்க வந்த டெம்போக்காரரிடம் சொன்னார். நான் ஒவ்வொரு வாரமும் போவேன். ஒவ்வொரு வாரமும் அதைக் கேட்பேன். கேட்டுக்கொண்டு, மனசை விடுங்கண்ணா என்று ஆறுதல் சொல்வேன். ஆறுதல் சொல்ல என் வாய்க்கு எப்படித் தைரியம் வந்ததோ.

ஆறாம் மாசம் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சோறு தட்டிலேயே காய்கிறது, ஆள் பாதியாகிவிட்டார், நீ சொன்னால் கேட்பார் அம்மிணி, அந்த ரிங்கை மறக்கச் சொல்லு என்றார். சொல்லும்போதே அழுதார். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

அண்ணன் தொட்டிக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்திருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பகல் பதினொரு மணி இருக்கும். எதிரில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். இலையை வைத்துத்தான் சொன்னேன், வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை. பந்தி நிறைந்துவிட்டது, அம்மா வந்தபோது வாசலில் நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன். நீங்கள் திருப்பிக் கூப்பிட்டிருந்தாலும் அம்மாவுக்கு ஒரு ரிங் அடித்து அறுந்துதான் இருக்கும் என்று சொன்னேன். எல்லாம் கேட்டு முடித்து முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப, அம்மா வெக்கலயா?"

"இல்லீங்ண்ணா. அம்மா வெக்கல. காதுலயேதான் வெச்சிருந்தாங்க."

அண்ணன் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அம்மாவை எடுத்த அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. எனக்கு ஒரு கணம், வெட்கமில்லாமல், பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அவர் மேலிருந்து எடுத்துவிட்டேன், இனி என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும், இவர் பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, டவரில் வைத்த அந்த எண்ணை இப்போது மாற்றியாகிவிட்டதா என்று கேட்டார். மாற்றிவிட்டேன் என்றேன். இனிமேல் நம்ம ஊரில் யாருக்கும் அப்படி ஆகாதா என்றார். ஆகாது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம்தான் கேட்டார்.

"எப்ப மாத்துன?"

"மூணாம் நாளு மத்தியானமுங்ண்ணா."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். மூன்றாம் நாளிலிருந்து கணக்குப் போடுகிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. பெட்ரோல் பங்க் ஓரம் நின்ற வண்டி, விட்டுப்போன ஆட்கள், தட்டில் காய்ந்த சோறு, டெம்போக்காரர்வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுத கதை. வாராவாரம் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நான். அம்மா விஷயத்தில் அவர் என்னை மன்னித்திருப்பார் என்று இன்றும் நம்புகிறேன். தெரியாமல் செய்தது அது.

"ஆறு மாசமா என்னையப் பாத்துட்டே இருந்திருக்கறயே அம்மிணி" என்றார்.

குரலில் கோபமே இல்லை. பதிலுக்காக நிற்கவும் இல்லை. தொட்டி நிறைந்து தண்ணீர் வெளியே ஓடுகிறது என்று மோட்டாரை நிறுத்தப் போய்விட்டார்.